கலந்து பொறுக்குகிறவர்

நல்ல கொட்டை வலப்பக்கம், கறுப்பு விழுந்தது இடப்பக்கம். இரண்டு குவியலும் நிறைந்ததும் ஞானசுந்தரி யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்க்கிறார். பிறகு இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டு முதலிலிருந்து பொறுக்க ஆரம்பிக்கிறார்.

மலைமேல் கரடியூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் முப்பது வருடமாகக் காப்பிக்கொட்டை தரம் பிரிக்கிறவர். தொண்ணூற்று மூன்றாம் வருடத்தில் கை நடுங்கி, உடம்பு விறைத்து, ஜெபமாலையைக்கூட உருட்ட முடியாமல் உட்கார்ந்துவிட்டார். சேலத்து நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்தார். விரல்கள் திரும்பி வந்தன, வந்தவை நிற்கவில்லை. மதியச் சோற்றுக்கும் எழாமல் பொறுக்கினார். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுவேலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மற்றப் பெண்களிடம் இவரைக் காட்டிக் காட்டிப் பேசினார், கூடுதலாக ஒரு மூட்டையும் அவிழ்த்துக் கொட்டினார். வியாதியைச் சுறுசுறுப்பு என்று பாராட்டிய கூட்டத்தில் எஸ்டேட் பள்ளி வாத்தியாரான நானும் ஒருவன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் அரிசியையும் பருப்பையும் கலந்து வைத்துக்கொண்டு பிரிப்பதைப் பார்த்த பிறகுதான் கணவர் கிறிஸ்துதாஸ் பயந்துபோனார். போன வியாழன் டாக்டரிடம் போனபோது துணைக்கு நானும் போனேன்.

மூளையில் ஆசையும் நிறைவும் பிறக்கும் இடத்தில் சின்னச் சின்ன இடைநரம்பணுக்கள் இருக்கின்றனவாம். பக்கத்து அணுக்களைப் ‘போதும்’ என்று அடக்குவது அவற்றின் வேலை. அந்த அடக்குகிறவற்றையே அடக்கவும் தட்டி எழுப்பவும் வேறு இடங்களிலிருந்து உத்தரவு வருமாம். மாத்திரை இந்த ஏற்பாட்டைக் குழப்பியிருக்கலாம் என்றார் டாக்டர். எப்படி என்று தனக்கே முழுசாகத் தெரியாது என்றும் சொன்னார். அடக்குவது எது, அடங்குவது எது என்பது திரும்பும் பஸ் அடிவாரம் தாண்டி நாலு வளைவு ஏறுவதற்குள் எனக்குக் குழம்பிவிட்டது. மாத்திரையைப் பாதியாக்க வேண்டும், ஆக்கினால் விரல் மறுபடி விறைக்கலாம் என்பது மட்டும் மூவருக்கும் புரிந்தது.

ஞானசுந்தரியின் குழப்பம் வேறு.

“ஏனுங்க சார், பொறுக்கறப்ப நொம்ப சந்தோசமா இருக்குதுங்க. எங் கண்ணாலத்தன்னிக்குக்கூட அப்பிடி இருந்ததில்லீங்க. அது எஞ் சந்தோசமுங்களா, மாத்தரையோடதுங்களா?”

கிறிஸ்துதாஸ் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

மறுநாள் காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஞானசுந்தரி மாத்திரையை உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பாதியை விழுங்கினார். மறு பாதியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு அதைக் கணவரின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.