பஹ்ரைனில் பார்த்த முதலைப் படம்

நாங்கள் ஜுபைலில் இருந்த காலத்தில் சவூதியில் சினிமா தியேட்டர் கிடையாது. படம் பார்க்க வேண்டுமென்றால் கடல்பாலத்தைக் கடந்து பஹ்ரைனுக்குப் போக வேண்டும். அப்பா பெட்ரோகெமிக்கல் ஆலையில் டெக்னீஷியன். டியூட்டி முடிந்து வந்தால் தூங்கத்தான் அவருக்கு நேரம் இருக்கும். அதனால், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவராகவே, "கிளம்புங்க, பஹ்ரைன் போயி படம் பாப்போம்" என்றதை அம்மா முதலில் நம்பவில்லை.

போய்ச் சேர்ந்தபோது தமிழ்ப் படத்துக்கு டிக்கெட் தீர்ந்திருந்தது. மிச்சம் இருந்தது ஆளைத் தின்னும் முதலையைப் பற்றிய ஓர் ஆங்கிலப் படம். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"பிள்ளை பயந்துரும்ங்க, வேண்டாம்" என்றாள் அம்மா.

"எதுவா இருந்தா என்ன, உள்ள போயி உக்காருவோம்" என்றார் அப்பா.

எங்கே போனாலும் அவர்களுக்கு நடுவில் உட்காருவது நான்தான். அன்று அப்பா என்னை ஓரத்துக்கு அனுப்பிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவுக்குப் பயம் போலிருக்கிறது என்று நானும் விட்டுக்கொடுத்தேன்.

படத்தில் முதலை லேசில் வரவில்லை. நடு ஆற்றில் எஞ்சின் நின்றுபோன படகில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அசையவே இல்லை. ஓர் இலை மிதந்து வந்ததற்கே நான் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டேன். அந்த அமைதியில் அப்பா அம்மாவின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா விசும்பினாள். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

நான் எட்டி அவள் கையைத் தொட்டு, "அம்மா, இன்னும் முதலையே வரல" என்றேன்.

"தெரியும்ட்டி. நீ படத்தைப் பாரு."

கடைசியில் முதலை செத்ததும் தியேட்டரே கைதட்டியது. அவர்கள் இருவர் மட்டும் திரையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து நானே பலமாகத் தட்டினேன்.

திரும்பும்போது, பாலத்தின் நடுவே பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. இரண்டு பக்கமும் கடல். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

"இதுல முதலை இருக்குமாப்பா?"

"கடல்ல ஏது முதலை?"

"வந்துட்டா?"

"வந்தா வரட்டும். அப்பா இருக்கேம்லா."

அம்மா சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு வேலை செய்பவர்கள் மட்டும் கேம்பில் தங்கிக்கொள்ள வேண்டும் என்று கம்பெனியில் அவரிடம் சொல்லிச் சில நாட்கள் ஆகியிருந்தன. எங்கள் சின்ன வீட்டில் எனக்குக் கேட்காமல் எதையும் பேசிவிட முடியாது. அதனால் அம்மாவிடம் அதைச் சொல்ல இருட்டான ஓர் இடம் தேடிக் கடல் தாண்டியிருக்கிறார். வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அந்த வருஷப் பரீட்சை முடிந்ததும் அம்மாவும் நானும் திருநெல்வேலிக்கு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு அப்பாவை வருஷத்துக்கு ஒரு தடவை, லீவில்தான் பார்த்தேன்.

அன்று காரில் எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அம்மாவுக்கு முதலைப் பயம் இன்னும் தீரவில்லை என்றுதான் நினைத்தேன். பின்சீட்டிலிருந்து எக்கி, அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, "பயப்படாதம்மா, அதான் அப்பா இருக்காங்கல்லா" என்று தேற்றினேன்.