அண்ணனின் கப்பல் நின்ற ஏரி

பக்கத்து வீட்டுப் போனில் அண்ணன் போட்ட கத்தல் எனக்கே கேட்டது. "கடல் இல்லடி, ஏரி! ஏரியிலதான் கப்பல் நிக்குது!" ரிசீவரை வைத்த அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமான சில மாதங்களிலேயே கப்பலில் ஃபிட்டராகப் போய்விட்டார் அண்ணன். அண்ணிக்கு வைகாசியில் பிரசவம். அதற்குள் அண்ணன் வந்துவிட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் அண்ணிக்கு. "சித்திரையில ஏரி வத்திடும்ல? அப்புறம் கப்பல் எங்கேருந்து ஓடும்? வந்துடுவாரு பாரேன்" என்றார்.

பொன்னேரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர் வேறெப்படிப் பேசுவார்? கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜா வெட்டிய அந்த ஏரியே கோடையில் மாடு மேயும் திடலாகிவிடுகிறதே! நானோ அரியலூர்க் கல்லூரியில் படித்த திமிரில் அண்ணனின் கப்பல் நின்ற ஊரை நூலகத்தில் தேடிப் பிடித்தேன். அமெரிக்காவில் டுலூத். ஒரு காலத்தில் தோணிகளில் தோல் வியாபாரம் நடந்த கரை. பிறகு மலையில் வெட்டிய இரும்புக்கல்லும் கோதுமையும் ரயிலில் வந்து கப்பலேறும் துறைமுகம். "மறுகரையே தெரியாதாம் அண்ணி, அது வத்தாது" என்றேன். "போடி, வத்தாத ஏரி எங்க இருக்கு?" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

மார்கழிக் காலைகளில் இருவரும் பொன்னேரிக் கரைக்குப் போவோம். பனியில் எங்கள் ஏரிக்கும் மறுகரை இருக்காது. அந்த வெள்ளைக்குள் ஒரு கப்பல் நிற்பதாக அண்ணி சொல்வார். சத்தியமாக எனக்கும் தெரிந்தது.

தை பிறந்ததும் அண்ணனே வந்து நின்றார். அங்கே ஏரி கல்லாக உறைந்துவிட்டதாம். கப்பலைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டு ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. "வத்துனா என்ன, உறைஞ்சா என்ன? கப்பல் ஓடலைல்ல!" என்று என்னை ஒரு வாரம் கேலி செய்தார். எனக்கும் சந்தோஷமாகத் தோற்கப் பிடித்திருந்தது.

பங்குனியில் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பனி உருகுகிறது, உடனே புறப்படு. வளைகாப்பு முடிந்த கையோடு அண்ணன் பஸ் ஏறினார். அண்ணி அழவில்லை, வளையல் குலுங்கக் கையாட்டினார்.

வைகாசியில் பையன் பிறந்தான். அண்ணியின் தாய்வீட்டு வாசலில் நின்றால் பொன்னேரி தெரியும். சொட்டுத் தண்ணீர் இல்லை, வெடித்த மண்ணில் ஆடுகள். பிள்ளையைப் பார்க்க நான் போனபோது அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ படிச்சதுதான் சரி, புள்ள" என்றார். "ஆனா அவரு கப்பல் நம்ம ஏரியில நின்னிருந்தா, இன்னைக்கு வூட்டுல இருந்திருப்பாரு."