பத்து நாளாக வேகாத கிழங்கு

உங்கள் பெரியப்பா எதனால் இறந்தார் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், வயிற்றில் கட்டி என்று சொல்லி முடித்துவிடுவேன். முழுதும் சொன்னதில்லை. அதில் என் தப்பும் இருக்கிறது. எழுதியாவது வைக்கிறேன்.

அந்த வருஷம் மலைமேல் நம் பள்ளங்கித் தோட்டத்தில் பீட்ரூட் போட்டிருந்தோம். ஐப்பசி மழையில் பாதை சரிந்து லாரி வரவில்லை. விற்காத கிழங்கை நாங்களே தினமும் தின்றோம். பீட்ரூட் தின்றால் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். எங்கள் வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் அப்படித்தான். அதனால் அண்ணன் ஒருநாள் வரப்போரம் போய்விட்டு வந்து, ரொம்பச் சிவப்பாகப் போகிறது என்றபோது நான் சிரித்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நாலு நாளில் தெளிந்தும் விட்டது.

தைக்குப் பிறகு மறுபடி சிவந்தது. அவர் வேட்டியைத் துவைத்த மதினிதான் கண்டுபிடித்தார். அடுப்படியில் வைத்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“தம்பி, பத்து நாளா நம்ம வீட்டுல கெழங்கே வேகலையே.”

“முன்னாடி தின்னதுதான் மதினி. சாயம் ஒடம்புல தங்கியிருக்கும், போயிரும்.”

ஆறாம் வகுப்பு வரை படித்தவன் என்று வீட்டில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு. மதினி அதற்குமேல் பேசாமல் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். சிவப்பும் நின்றது. நின்றதால் நான் சொன்னதே சரி என்றாகிவிட்டது.

சித்திரையில் பூண்டு நட மண் கொத்தும்போது அண்ணனுக்கு இரத்தம் கட்டி கட்டியாக வந்து நீர் அடைத்துக்கொண்டது. மலை இறங்கி, வத்தலக்குண்டில் பஸ் மாறி மதுரைக்குப் போனோம். ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி வந்தார்.

நுனியில் சிறு விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டு, மூத்திரப்பையைக் கண்ணாலேயே பார்த்தார் டாக்டர். அப்படி ஒரு குழாய் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. புற்று, காலிபிளவர் போல வளர்ந்திருக்கிறது என்றார்.

“பீட்ரூட்டுன்னு நெனச்சோம், காலிபிளவரா இருக்கு. இதாவது வெல போகுங்களா டாக்டர்?” என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

முதலில் எப்போது சிவந்தது என்று டாக்டர் என்னைத் தனியே கேட்டார். சொன்னேன். அப்போதே வந்திருந்தால் இதே குழாய் வழியாக மின்சாரத்தால் சுட்டு எடுத்திருக்கலாம், இப்போது பையின் சுவரைத் தாண்டிவிட்டது என்றார். மெட்ராஸில் புற்றைப் பொசுக்கப் புதிதாகக் கதிர் வைக்கிறார்கள் என்று கடிதம் கொடுத்தார். போனோம். கதிரில் இரத்தம் கொஞ்ச நாள் நின்றது, அவ்வளவுதான். நட்ட பூண்டைப் பிடுங்கும்போது அண்ணன் இல்லை.

மதினி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பத்து நாள் கணக்கை அவர் மறந்திருப்பார் என்றும் நான் நினைக்கவில்லை.

உங்களில் யாருக்காவது அப்படிச் சிவந்தால், வலி இல்லை என்றாலும், தானாக நின்றுவிட்டது என்றாலும், என்னிடம் சொல்லுங்கள். என்ன தின்றாய் என்று கேட்க மாட்டேன். வெள்ளனே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவோம்.