சத்தம் போடாமல் விளையாடியவள்

காலை ஒன்பது நாற்பது. எல்.கே.ஜி. வகுப்பில் நான் முதலில் பார்த்தது, ஆயா ஓர் இரும்பு அலமாரியின் பூட்டைத் திறந்துகொண்டிருந்ததை. உள்ளே விளையாட்டுச் சாமான்கள்: மரக்கட்டைகள், சமையல் செட், பிளாஸ்டிக் பழங்கள். போன ஜூனில் வாங்கியவை. மார்ச் வரை பாலித்தீன் உறையே பிரிக்கப்படவில்லை. விளையாடினால் அழுக்காகிவிடுமாம்.

ஓசூரில் அந்தப் பள்ளியின் வாசலில் ‘விளையாட்டு வழி மதிப்பீடு’ என்று போர்டு இருக்கிறது. பரீட்சை கிடையாது. குழந்தை விளையாடும், பெரியவர்கள் கவனித்து நட்சத்திரம் போடுவார்கள். கவனிப்பதற்காகப் பெங்களூரிலிருந்து ஒரு பெண்மணி காரில் வந்திருந்தார். கையில் டேப்லெட். ஒரு குழந்தைக்கு நான்கு நிமிடம். தேறாத குழந்தை யு.கே.ஜி.க்குப் போக முடியாது. அன்று வரிசையில் என் தம்பி மகளும் இருந்தாள். தம்பி நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்ததால், அவன் மனைவியோடு நான் போயிருந்தேன்.

முதலில் ஒரு பையன். உட்கார்வதற்கு முன்பே, “திஸ் இஸ் ரெட்! ரெட் ஆப்பிள்!” என்று கத்தினான். கையில் இருந்தது நீலக் கட்டை. பக்கத்து நாற்காலியில் அவன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “இதே செட்ட வாங்கி ஒரு மாசமா டிரெயினிங் குடுத்தோங்க. சாயங்காலமானா மிஸ் வீட்லயே விளையாட்டு டியூசன்.” பையன் ஒரு கட்டையைக்கூட அடுக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.

அடுத்து எங்கள் பெண். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தரையில் விரித்தாள். கட்டைகளை அதன்மேல் முட்டை வைப்பதுபோல வைத்து அடுக்கினாள். பதினோரு கட்டை உயரம், சரியவில்லை. பழங்களை நிறம் பார்த்துப் பிரித்தாள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. சத்தம் வரவில்லை.

“என்ன பில்ட் பண்றே, பேபி? டாக், டாக்!” என்றார் பெங்களூர்ப் பெண்மணி.

அவள் உதட்டில் விரலை வைத்து அந்த அம்மாளை எச்சரித்தாள்.

எங்கள் வரிசை வீடுகளில் இதை யாரும் வியப்பாகப் பார்க்க மாட்டார்கள். ஒரே அறை. பகலில் அப்பா தூங்குகிறார். குழந்தைகள் துணியை விரித்து, வாயை மட்டும் அசைத்து விளையாடப் பழகிவிடுகிறார்கள். தம்பி மனைவி எழுந்துபோய் அதைத்தான் சொன்னாள்.

“மேடம், அவ நல்லா பேசுவாங்க. அவங்கப்பா பகல்ல தூங்குவாரு. அதான் விளையாடறப்ப சத்தம் போட மாட்டா.”

“வீட்டுக் கதையெல்லாம் எழுத இதுல இடமில்ல மேடம். கேட்டதுக்குப் பதில் வரலன்னா ஜீரோதான்.”

“அவ்ளோ உசரம் கட்டுனாளே?”

“அது மூணாவது கட்டம். நான் கேக்கறது ஏழாவது, பேச்சு.”

நான் செய்தித்தாளில் வேலை பார்த்த காலத்தில், கூட்டத்துக்குப் போகாமலே கூட்டச் செய்தி எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களாவது வீட்டில் இருந்தபடி அதைச் செய்தார்கள். இவர் இவ்வளவு தூரம் வந்து, குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து செய்தார்.

தாளில் வந்த முடிவு: ‘பேச்சு வெளிப்பாடு இல்லை. யு.கே.ஜி.க்குத் தயாரில்லை.’

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அவள் வாய் மூடவில்லை. என்னிடம் தமிழ், பக்கத்தில் இருந்த பூக்காரம்மாவிடம் தெலுங்கு.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “பாப்பா, கொஞ்சம் மூச்சு வுட்டுப் பேசு தாயி. வண்டி சத்தமே கேக்கல.”

“இத அந்தம்மா கேக்கணும் மாமா,” என்றாள் தம்பி மனைவி என்னிடம். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் கிருஷ்ணகிரியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். பேச்சில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பிரின்சிபால் அதை இரண்டு முறை படித்தார், ஃபைலில் வைத்தார்.

“ரிப்போர்ட் லாக் ஆயிடுச்சு சார். இனிமே நாங்க கை வைக்க முடியாது.”

ஜூனில் அவள் மறுபடியும் எல்.கே.ஜி.யில் உட்கார்ந்தாள்.