என் மகளுக்கு நான் கற்பித்த பயம்

என் மகளின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தவள் நான். அப்போது அவளுக்கு ஆறு வயது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மனத்துக்குள் எண்ணினேன். அதன் பிறகுதான் தூக்கினேன்.

ஏதோ ஆத்திரத்தில் செய்துவிட்டாள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆத்திரமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாவது மிஞ்சியிருக்கும்! இல்லை... முதல் நாளே யோசித்து, எந்த இடம், எந்த நேரம் என்று தீர்மானித்து, வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுவதைப் போல நிதானமாகச் செய்தேன்.

நான் உயிரியல் ஆசிரியை. குடவாசல் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேரும் வரை அது வெறும் மணல், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல். தண்ணீர் வந்து பத்து நாளில் அதே இடத்தில் ஆள் மட்டத்துக்கு ஓடும். என் மகள் அபிநயாவுக்கு இந்த வித்தியாசமே உறைக்காது. தவழ்ந்த காலத்திலிருந்தே அவளுக்குத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம்தான்.

அவள் அப்பா துபாயில் இருந்தார். நான் பள்ளியிலிருந்து திரும்பும் வரை பக்கத்து வீட்டு அக்காதான் அவளைப் பார்த்துக்கொள்வார். அவர் கொஞ்சம் அசந்தால் போதும், இவள் வாய்க்காலில் இருப்பாள். முந்தின ஆண்டு அடுத்த தெருப் பிள்ளை ஒன்றை அந்த வாய்க்கால் கொண்டுபோயிருந்தது. அந்தப் பிள்ளையைக் கிடத்தியிருந்த வீட்டுக்கு நானும் போயிருந்தேன். வாய்க்கரிசி போட்ட அந்தத் தாயைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அபிநயாவிடம் எத்தனையோ முறை சொன்னேன். மிரட்டினேன், அடித்தும் பார்த்தேன். அவள் தலையாட்டிவிட்டு மறுபடியும் போனாள்.

மூளையைப் பற்றிய பாடத்தை நான் ஆண்டுதோறும் நடத்துவேன். அதில் மாணவர்களுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சாதாரண விஷயத்தைப் பத்து முறை சொன்னால்தான் மண்டையில் ஏறும், பயத்துக்கு ஒரு முறை போதும் என்பேன். உடம்பு அதிரும்போது அட்ரினலின் சுரக்கிறது. மூளைக்குள் நார்அட்ரினலின் பொங்குகிறது. அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது, அந்த நொடியில் கண்ணும் காதும் மூக்கும் கொண்டுவந்ததையெல்லாம் அந்த ரசாயனம் அங்கே ஆழமாக எழுதிவிடுகிறது. அப்புறம் ஆயுசுக்கும் அழியாது.

பத்து முறை சொல்லித் தோற்றவள், ஒரே முறையில் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன். டீச்சர் புத்தி!

புதுத் தண்ணீர் வந்த அன்று காலை ஊர்ப் பெண்கள் மதகடியில் கூடியிருந்தார்கள். பூவும் விதைநெல்லும் தூவி, கற்பூரம் காட்டித் தண்ணீரை வரவேற்பது எங்கள் பக்கத்து வழக்கம். பத்தடி தள்ளிப் படித்துறையில் அபிநயா குனிந்து கலங்கல் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். என் கையை அவள் பார்க்கவில்லை.

நான்கு எண்ணும் நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

தூக்கியபோது அவளுக்கு மூச்சு வரவில்லை. பிறகு ஒரு கேவல்... அலறல்... பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

“ஐயோ, புள்ள வழுக்கிடுச்சா?”

“ஆமாக்கா, வழுக்கிடுச்சு” என்றேன்.

“எவ கண்ணு பட்டுச்சோ!” என்று மதகடிக்குப் போய், எரிகிற கற்பூரத் தட்டை எடுத்து வந்து, என் மகளின் முகத்துக்கு நேரே மூன்று முறை சுற்றினார். அவள் வாயையும் மூக்கையும் அகலத் திறந்து, இழந்த மூச்சையெல்லாம் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புகையைத்தான் இழுத்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் யாராவது என் முகத்தை உற்றுப் பார்ப்பார்களோ என்று இருந்தது.

நான்காம் நாள் அபிநயா மறுபடியும் வாய்க்காலில் நின்றாள். முழங்கால் தண்ணீரில், சிரித்துக்கொண்டு!

அன்று மாலையே ஆள் வைத்துக் கொல்லையில் மூங்கில் படல் கட்டினேன். அரை நாள் வேலை. அதை முதலிலேயே கட்டியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் தோன்றாத நாள் இல்லை.

பாடம் ஏறவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அது ஏறிய இடம் வேறு. அந்த ஐப்பசியில் ஓர் உறவுக்காரர் வீட்டுப் பூசையில் கற்பூரம் ஏற்றினார்கள். அபிநயா வெளிறிப்போய், இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஏன் ஓடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அப்பா கருப்புச்சட்டைக்காரர். எங்கள் வீட்டில் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கிடையாது. என் மகளுக்குத் தண்ணீர் பழைய தோழி, ஆயிரம் முறை சிரித்து விளையாடிய இடம். கற்பூரமோ புதுசு. பழகியதன்மேல் பயம் லேசில் ஒட்டாது, புதியதன்மேல் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். வாசனைக்கு மூளைக்குள் குறுக்குவழி வேறு இருக்கிறது. மற்ற புலன்களைப் போலச் சுற்றிப் போகாமல் நேரே அமிக்டலாவுக்குப் போகும். இதையும் நான்தான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்! குழந்தையின் தலையில் கை வைத்தபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அவள் வளர்ந்தாள். காதலித்தவனையே கட்டினாள். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. அவர்கள் வீடு வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் ஏற்றும் வீடு. சம்பந்தியம்மா ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு குணத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா கற்பூர வாசம் பட்டாலே ஓடுறாளே... சின்ன வயசுல எதையாவது பாத்து பயந்தாளா? ஒரு தடவ கோயில்ல வச்சுப் பாத்துருவோமா?”

பேய் பிடித்திருக்கிறது என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்ல முடியாது. நான் பகுத்தறிவு பேசிச் சமாளித்துவிட்டு வந்தேன்.

பிறகு மாப்பிள்ளையே அவளைத் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். இரண்டாவது முறை என்னையும் வரச் சொன்னார்கள். அந்த அறையில் அபிநயா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“சின்ன வயசுல கற்பூரம் சம்பந்தமா ஏதாவது நடந்துச்சாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காரணம் தெரிஞ்சா எங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும்.”

“எங்க வீட்ல கற்பூரமே கிடையாதுங்க டாக்டர்” என்றேன்.

ஒரு சொல் பொய்யில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

வாய்க்காலில் செய்ததைப் பயந்த தாயின் மடத்தனம் என்று நீங்கள் மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். இதை எப்படி மன்னிப்பீர்கள்? ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்ற பயம்... அந்தப் பயத்துக்கும் ஒரு ரசாயனம் இருக்கும். அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூளையின் ரசாயனத்தில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அபிநயா பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் போன் செய்தாள்.

“அம்மா, நாங்க ஒரு முடிவுக்கு வந்துட்டோம். குழந்தை வேணாம்.”

“ஏம்மா?”

“என் மூளையே இப்படித்தான் இருக்கு. எனக்கு இருக்கறது அதுக்கும் வந்துட்டா? காரணமே தெரியாம தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு ஓடுற கஷ்டம் எனக்குத்தான் தெரியும். தெரிஞ்சே ஒரு உசுருக்கு அதக் குடுக்கச் சொல்றியா?”

“இது பரம்பரையா வர்றது இல்லடா.”

“எப்படிம்மா அவ்ளோ உறுதியா சொல்ற? டாக்டருக்கே காரணம் தெரியல.”

வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தேன். அந்தச் சொற்கள் நாக்கு வரை வந்து நின்றன... போனில் அவள் மூச்சு சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கு மனசு கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதானே சொல்ற?” என்றாள்.

“ஆமாடா” என்றேன்.

நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். பேரப்பிள்ளை ஆசையில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். “நீ அழாதம்மா, இதுல உன் தப்பு என்ன இருக்கு?” என்று வெகு நேரம் என்னைத் தேற்றிவிட்டுத்தான் போனை வைத்தாள்.