பூஃபிஸ் பிடித்த தம்பியைப் பார்க்க ருவைஸ் போனது

2004 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு ஷார்ஜா குடோன் வாசலிலிருந்து பிக்கப்பை எடுத்தேன். வாரத்தில் ஆறு நாள் அந்த வண்டியில் தக்காளியும் வெங்காயமும் ஏறும். அன்றைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பக்கத்தில் வர்சமே உட்கார்ந்திருந்தான். எங்கள் குடோன் வாட்ச்மேன், சோமாலியாக்காரன். ஆறடிக்கு மேல் உயரம், முழங்கால் டாஷ்போர்டில் முட்டும். மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்திருந்தான்.

ருவைஸ் என்பது அபுதாபிக்கும் மேற்கே, சவூதி எல்லைக்குப் போகிற ரோட்டில் இருக்கிற எண்ணெய் ஊர். எங்கள் குடோனிலிருந்து முன்னூற்று எழுபது கிலோமீட்டர். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, எண் மட்டும் தெரியும். அதனால் ரோட்டோரப் பலகையில் ஊர் பெயரை விட்டுவிட்டுக் கிலோமீட்டரைப் படித்தே அந்தத் தேசம் முழுக்க ஓட்டியிருக்கிறேன்.

வர்சமேயின் தம்பி லிபான் அங்கே ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் வேலை பார்த்தான். பதினொரு நாளாக டூட்டிக்குப் போகாமல் படுத்தே கிடக்கிறான் என்று போன் வந்திருந்தது. சனிக்கிழமை காலையில் கம்பெனி பஸ் ஏறாவிட்டால் விசாவைக் கேன்சல் செய்துவிடுவதாக ஃபோர்மேன் சொல்லிவிட்டான். கேன்சல் என்றால் நம்ம ஆளைத் திருச்சிக்கோ மெட்ராஸுக்கோ விமானம் ஏற்றுவார்கள். லிபானை எங்கே ஏற்றுவார்கள்? மொகதிஷுவில் அவன் பிறந்த வீடு சண்டையில் இடிந்துபோயிற்று. அம்மா நைரோபியில் அகதியாக இருக்கிறாள். அக்கா கனடாவில். இதையெல்லாம் துபாய் தாண்டுவதற்குள் வர்சமே சொல்லிவிட்டான். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஷார்ஜாவுல உங்க ஆளுங்க அத்தனை பேர் வண்டி வச்சிருக்காங்க. என்னை ஏன் கூப்பிட்ட?"

நாங்கள் பேசுவது பாதி ஹிந்தி, பாதி அரபி. நான் தமிழிலேயே சொல்கிறேன்.

"சோமாலி டிரைவர் வந்தா, நாம அபுதாபி தாண்டறதுக்குள்ள லண்டன்ல இருக்கிற சித்தப்பாவுக்குச் சேதி போயிரும். லிபானுக்குப் பைத்தியம்னு முடிச்சிருவாங்க. அப்புறம் எவன் பொண்ணு குடுப்பான்? உங்ககிட்ட சொன்னா எங்க போகும் முத்து பாய்? பரமக்குடிக்குத்தானே."

"பரமக்குடிக்கும் போகாது. எனக்குத்தான் லெட்டர் எழுத வராதே."

அவன் சிரித்தான். ஜெபல் அலி தாண்டியதும் மூடுபனி பிடித்துக்கொண்டது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்தே முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம்.

ஒன்பது மணிக்குத் தரீஃபில் பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்தினேன். டீ ஐம்பது ஃபில்ஸ். மலையாளியின் கடை, பரோட்டா சூடாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன். வர்சமே ஒன்றும் சாப்பிடவில்லை.

"பைத்தியம் இல்லேன்னா உன் தம்பிக்கு என்னதான்?"

"பூஃபிஸ்" என்றான். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து, பக்கத்துப் பஞ்சர் கடையைக் கையால் காட்டினான். அங்கே பட்டான் ஒருவன், பாகிஸ்தான்காரன், லாரி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். "அதுதான் பூஃபிஸ்."

நம்ம பக்கம் ஒருவன் சோர்ந்து உட்கார்ந்தால் காற்று இறங்கிவிட்டது என்போம். இவர்களுக்குக் காற்று ஏறினால் வியாதியா? டீயைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பற்றிக் கேட்டேன். அவனும் சலிக்காமல் சொன்னான். வெளிநாடு போகணும், போகணும் என்று ஆசை ஊதிக்கொண்டே போகுமாம். லிபான் கனடாவுக்குப் பேப்பர் போட்டு நாலு வருஷம் காத்திருந்தான். கை இங்கே போல்ட் முறுக்கும். மனசு அங்கே போய்க் குடியிருக்கும். போன மாதம் இல்லை என்று கடிதம் வந்தது. அதற்கப்புறம் இங்கேயும் இருக்க முடியவில்லை.

"ஊர்ல நிறைய பேருக்கு இருக்கா இது?"

"வீட்டுக்கு ஒருத்தருக்கு இருக்கும் பாய். அடுத்தவன் வீட்டுல இருந்தா பேர் சொல்லிப் பேசுவோம். நம்ம வீட்டுல இருந்தா தலைவலின்னு சொல்லுவோம்."

பத்தரைக்கு ருவைஸ் தெரிந்தது. கடலோரமாகப் புகைபோக்கிகள், ஒன்றின் உச்சியில் பகலிலும் எரிகிற தீ. கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப் ஊருக்கு வெளியே இருந்தது. பதினாலாம் நம்பர் ரூமில் ஆறு கட்டில். கதவைத் திறந்தது புதுக்கோட்டைக்காரன், செல்வம் என்று பெயர்.

"வாங்கண்ணே. நம்ம பக்கமா நீங்க? பார்த்ததும் நெனச்சேன். சோறு வச்சா தொடமாட்டேங்கிறாப்ல. தண்ணி மட்டும்தான்."

கீழ்க்கட்டிலில் கம்பளியால் தலைவரை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்து ஓர் ஆள் படுத்திருந்தான். கால் மட்டும் கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. வர்சமே வாசலிலேயே நின்று, "காலை! காலை!" என்று அதட்டினான்.

தொழுகைப் பாயை மிதித்துவிட்டேன் போல என்று நான் சட்டென்று காலைத் தூக்கிவிட்டேன். ஒற்றைக் காலில் நின்று கீழே பார்த்தால், பாயும் இல்லை ஒன்றும் இல்லை.

"எறக்குங்கண்ணே" என்றான் செல்வம். "காலைன்னா அவுங்க பாஷையில வான்னு அர்த்தம். நானும் வந்த புதுசுல இப்படித்தான் கொக்கு மாதிரி நின்னேன்."

கம்பளி ஒருமுறை குலுங்கியது. சிரித்தானா அழுதானா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வர்சமே கட்டிலில் உட்கார்ந்து பழத்தை உரித்து நீட்டினான். கெஞ்சினான், திட்டினான். சோமாலி பாஷையில் திட்டு நீளமாக இருந்தது. கால் மணி நேரம் கழித்துத்தான் லிபான் திரும்பினான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அண்ணனிடம் ஹிந்தியில் பேசினான், நாங்களும் கேட்கட்டும் என்றுதான் இருக்க வேண்டும்.

"பதினோரு நாளா பெங்காலி கேட்டான், பட்டான் கேட்டான், செல்வம் கேட்டான். என் ஆளுங்க ஒருத்தன்கூட வரல."

"அவங்களுக்குத் தெரியாதுடா."

"நீதானே சொல்லவிடல."

செல்வம் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஊருக்குள்ள ஹாஜின்னு ஒரு சோமாலிப் பெரியவர் இருக்காருண்ணே, சாமான் கடை வச்சிருக்காரு. நான் போய்ச் சொல்லவான்னு அன்னைக்கே கேட்டேன். அண்ணன் போன்ல வேணாம்னுட்டாருன்னு இவன்தான் தடுத்தான்."

வர்சமே எழுந்து வெளியே போனான். கொடியில் ஈரத் துணிகள் தொங்கின. அவற்றுக்கு நடுவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து போனைச் செல்வத்திடம் கொடுத்தான். "அந்த ஹாஜி நம்பர் போட்டுக் குடு" என்றான். குரலில் கோபம் இல்லை.

ஜும்மா முடிந்து ஒன்றேகால் மணிக்கு ஹாஜி வந்தார். மருதாணி போட்ட சிவப்புத் தாடி, கையில் சோற்றுப் பாத்திரம். கூட இரண்டு பேர். உடம்புக்கு என்ன என்று அவர் கேட்கவே இல்லை. செல்வம் லிபானோடு இருந்து கொஞ்சம் சோமாலி பழகியிருந்தான்; "யார் மகன்னு கேக்குறாரு" என்று எனக்குச் சொன்னான்.

லிபான் படுத்தபடியே பெயர் சொல்ல ஆரம்பித்தான். அப்பா அலி, அவர் அப்பா ஃபாரா, அவர் அப்பா ரோப்ளே, அவர் அப்பா கூலேத். நான் விரல் மடக்கி எண்ணினேன். ஒன்பதாவது பெயரில் நின்றுவிட்டான். வர்சமே எடுத்துக்கொடுக்க வாயெடுத்தான். ஹாஜி கையைக் காட்டி நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"கிளாஸ்ல ஆஜர் எடுக்கிறாப்ல இருக்குண்ணே" என்று செல்வம் காதில் முணுமுணுத்தான்.

லிபான் எழுந்து உட்கார்ந்தான். பத்தாவது பெயர் வந்தது, பதினொன்று வந்தது. பதினாலாவது பெயரில் ஹாஜி தொடையில் ஓங்கித் தட்டினார். அது அவருக்கும் பாட்டன் பெயராம். அங்கிருந்து கடைசிவரை இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். என் கணக்குக்கு இருபத்து மூன்று.

பிறகு தரையில் தாளை விரித்துச் சோறு வைத்தார்கள். ஆட்டுக்கறிச் சோற்றுக்கு அவர்கள் வாழைப்பழத்தைப் பிசைந்துகொள்கிறார்கள். தயிர்ச் சோற்றுக்குப் பழம் கடித்துக்கொள்கிற ஆள்தான் நான். ஆனால் கறியோடு பழத்தை அன்றைக்குத்தான் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. லிபான் நாலு வாய் சாப்பிட்டான். ஐந்தாவதை வைத்துக்கொண்டு அழுதான். யாரும் தடுக்கவில்லை.

மூன்று மணிக்கு ஹாஜி அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே சூடான் நாட்டு டாக்டர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பத்து நாள் லீவுக்குப் பேப்பரும் மாத்திரையும் கொடுத்தாராம். வாரம் ஒருமுறை வரச் சொன்னாராம். செல்வம் ஃபோர்மேனுக்குப் போன் போட்டான். டாக்டர் பேப்பர் இருந்தால் தனக்கு ஒன்றுமில்லை, கேன்சல் இப்போதைக்கு வேண்டாம் என்றான் அவன்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வர்சமே மிர்ஃபா வருவதற்குள் தூங்கிப்போனான். லிபான் பிற்பாடு டூட்டிக்குப் போனான். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது; இடையிடையே இரண்டு நாள் படுத்துவிடுவான். அப்போதெல்லாம் ஹாஜி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவார் என்று கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு வர்சமே பக்கத்தில் தூங்க, ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்குச் சோஹார் ஞாபகம் வந்தது. எண்பத்தாறில் அந்த ஓமான் ஊரில் நாலாவது வருஷமாக ரோடு வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் ரூமில் கணேசன் என்று ஒருவன், முதுகுளத்தூர்ப் பக்கம். லிபான் மாதிரியே சுவரைப் பார்த்துப் படுத்தான். கேட்டவர்களிடம் வயிற்றுவலி என்று நாங்களே சொன்னோம். பத்தொன்பதாம் நாள் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பினார்கள். கலாஸ், அத்தோடு முடிந்தது என்று நாங்கள் அவன் கட்டிலில் சாமான் வைத்துக்கொண்டோம். ஊர் இருக்கிறவனுக்கு என்ன குறை என்று நினைத்தோம்.

அந்த வருஷம் லீவில் வந்தபோது முதுகுளத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். டீக்கடையில், மஸ்கட் பக்கம் போய்வந்த கணேசன் வீடு எது என்று விசாரித்தேன்.

"கணேசன்னா நெறையப் பேரு இருக்கானே. யாரு மகன்?" என்றார் கடைக்காரர்.

ஒரே ரூமில் நாலு வருஷம் படுத்திருக்கிறோம். அவன் அப்பா பெயர் எனக்குத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன்.