பேர் அழித்த அண்டாக்கள்

ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்துகொண்டே பி.ஏ. பரீட்சைக்குத் தனியாகப் படித்தேன். கிரேக்க வரலாறு அப்படித்தான் கைக்கு வந்தது. பாரசீகருக்குப் பயந்து தீவுகளும் சின்னச் சின்ன நகரங்களும் ஏதென்ஸோடு கூட்டணி சேர்ந்தன. இரும்புத் துண்டுகளைக் கடலில் போட்டு, இவை மிதந்து மேலே வரும்வரை பிரியமாட்டோம் என்று சத்தியம் செய்தார்களாம். படித்ததும் எரிச்சலாக வந்தது. மலைக்கோயில் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் சரவணப் பொய்கைக் கரையில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அது ஐம்பதுகளின் தொடக்கம். ஒரு ஆடிக் கிருத்திகையில் காவடி எடுத்து வந்தவர்கள் சோறு தண்ணீர் இல்லாமல் வழியிலேயே மயங்கி விழுந்தார்கள். அதுவரை தெருவுக்கு ஒரு சின்ன அன்னதானப் பந்தல்தான் இருந்தது. இனி அடிவாரத் தெருக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பொதுச் சங்கம் வைத்து ஒரே பந்தல் போடுவது என்று பொய்கைக் கரையில் சத்தியம் செய்தார்கள். கடைக்காரர்கள் வாழும் பெரிய தெரு தலைமை. எங்கள் தெருவின் பங்கு பெரிய பித்தளை அண்டாக்களும் என் நைனாவும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணச் சமையல்காரர். கிருத்திகையன்று காவடிக்காரர்களுக்குப் பொங்கிப் போடுவதுதான் அவர் சாமி கும்பிடும் விதம். அன்றைக்கு மலைகூட ஏறமாட்டார்.

அண்டாக்களில் எங்கள் தெருவின் பேர் வெட்டியிருந்தது. ஒன்றாகிவிட்ட பிறகு உன்னது என்னது என்ன என்று சொல்லி, நைனாவே அவற்றைப் பாத்திரக்கடைக்குக் கொண்டுபோனார். பேரைத் தட்டி அழித்துவிட்டு, பொதுச் சங்கத்தின் பேரை வெட்டி வாங்கி வந்தார். தெருவே அவரைக் கொண்டாடியது.

அப்புறம் எங்கள் ஆட்களுக்குச் சோம்பல் வந்தது. லீவு போட்டு விறகு சுமப்பானேன், அரிசியைக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்றார்கள். பெரிய தெரு சந்தோஷமாகச் சம்மதித்தது. கூலிக்கு ஆள் வைத்து அவர்களே சமைத்துக்கொண்டார்கள். நைனாவை யாரும் கூப்பிடவில்லை. பொய்கைக் கரை மண்டபத்தில் பொதுவாக வைத்திருந்த பாத்திரங்கள், பத்திரமாக இருக்கட்டும் என்ற சாக்கில், அவர்களுடைய கிடங்குக்குப் போயின. ஏதென்ஸ் செய்ததும் இதுதான். கப்பல் அனுப்ப அலுத்தவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, பொதுக் கஜானாவையும் தன் ஊருக்கே தூக்கிப் போனது.

இரண்டு கிருத்திகை நைனா தெருமுனையில் வெறுங்கையோடு நின்றார். மூன்றாவது வருஷம் பெரிய தெருத் தலைவரின் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"எங்க தெரு அண்டாவ மட்டும் குடுத்துடுங்க. நாங்க தனியா பந்தல் போட்டுக்கிறோம்."

"எது உங்களுது? பேர் இருந்தா எடுத்துக்கினு போங்க."

நைனா கிடங்குக்குள் போய் ஒவ்வொரு அண்டாவாகத் தடவினார். தட்டி அழித்த இடம் விரலில் பட்டது. "தோ, இதாங்க. இங்கதான் பேர் இருந்திச்சி."

"யாரு அழிச்சது?"

நைனா அண்டாவிலிருந்து கையை எடுத்தார். அந்த ஆளை அறைந்திருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

தெருக்காரர்கள், போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். நைனா கல்யாண வேலைகளுக்கும் போவதை நிறுத்தினார். படுத்தே கிடந்தார்.

பரீட்சையில் அந்தக் கூட்டணியைப் பற்றித்தான் கேள்வி வந்தது. பக்கம் பக்கமாக எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் என்ன கேட்டார்கள் என்றார் நைனா. கதையாகச் சொன்னேன். விலகப் பார்த்த தீவு ஒன்றின் மதிலை இடித்து, அதன் கப்பல்களையும் ஏதென்ஸ் பிடுங்கிக்கொண்டதுவரை சொன்னேன்.

"அந்தக் கப்பல ஓட்டிக்கினு இருந்தவங்க அப்புறம் என்னா பண்ணாங்கம்மா?"

"புஸ்தகத்துல அது இல்ல நைனா."

"இருக்காது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.